ஒரு முகவரி, பல அறைகள்

இரண்டாமாண்டு, பி.எஸ்சி. (கணிதம்)

அம்பத்தூரில் நாங்கள் குடியிருப்பது ஒரு லைன் வீடு. தெருவிலிருந்து பார்த்தால் ஒரே ஓர் இரும்புக் கதவு. உள்ளே நுழைந்தால் ஆறு அடுப்புகள். அந்தக் கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் இருக்கின்றனவே தவிர, ஆறு குடித்தனத்திற்கும் ஆறு எண்கள் இல்லை. ஆகவே எங்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எண்ணுக்குப் பக்கத்தில் 'மாடி' என்றோ, 'பின் போர்ஷன்' என்றோ, 'கிணற்றடி வீடு' என்றோ ஓர் அடைமொழியைச் சேர்த்து எழுதுவது வழக்கம். தபால்காரர் அந்த அடைமொழியைப் படிப்பதே இல்லை. எண்ணைப் பார்ப்பார், கதவைத் தட்டுவார், முதல் போர்ஷன் பாட்டியின் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எது யாருக்கு என்று பிரிப்பது பாட்டியின் வேலை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிதான் என்றாலும், இதுநாள் வரை ஒரு கடிதமும் வாசல் மாறியதில்லை.

இதே ஏற்பாட்டை மின்னஞ்சலிலும் செய்துகொள்ளலாம் என்பது எனக்குச் சென்ற ஆண்டு வரை தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நட்டம் தவிர்ந்திருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நால்வருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி. அக்கா கல்லூரிக்கு விண்ணப்பித்த நாளில், ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள பிரவுசிங் சென்டர் அண்ணன், "மெயில் ஐடி இருக்காம்மா? இல்லையா? சரி, நானே போட்டுத் தரேன்" என்று சொல்லி, இரண்டு நிமிடத்தில் அக்காவின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து உருவாக்கிக் கொடுத்தது அது. அன்று முதல் யார் எங்கே கேட்டாலும் எங்கள் குடும்பம் அந்த முகவரியையே கொடுத்து வந்தது. அப்பாவின் வருங்கால வைப்பு நிதி, சமையல் எரிவாயு, அம்மாவின் மகளிர் குழு வாங்கிய கடனுக்கான தனியார் நிறுவனத்தின் செய்திகள், அக்கா பட்டம் முடித்த பின் பதிவு செய்து வைத்த வேலைவாய்ப்புத் தளங்கள், என் கல்லூரிச் சேர்க்கை ஆகிய அனைத்தும் அங்கேதான் வந்து விழும். நம்மில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பலருடைய வீட்டிலும் இதுவே நிலைமை என்பதை வகுப்பில் விசாரித்தபோது அறிந்தேன். ஒரு நண்பனின் வீட்டு முகவரிக்குக் கடவுச்சொல் இன்னமும் பிரவுசிங் சென்டர்காரருக்கு மட்டுமே தெரியும்!

நான் முதலாண்டு படிக்கையில் ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். பதினைந்தாயிரம் ரூபாய். முதற்கட்டத் தேர்வில் என் பெயர் இருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பத்து நாட்களுக்குள் அனுப்பும்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. வந்தது என்பதை நான் அறிந்தது பதினாறாம் நாள். அதற்கு மேலே வேலைவாய்ப்புத் தளங்களின் அறிவிப்புகளும், வீட்டுமனை விளம்பரங்களும், 'உங்களுக்குக் கடன் தயார்' என்ற செய்திகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவை குவிந்து கிடந்தன. உடனே எழுதிக் கேட்டேன். பட்டியல் முடிந்துவிட்டது என்று பணிவாகவே பதில் எழுதினார்கள். அவர்கள் மீது பிழையில்லை. கடிதத்தை அனுப்பத்தானே செய்தார்கள்? அந்தப் பணத்தில் மீட்கலாம் என்றிருந்த அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்ட எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர், "முகவரியிலே ஒரு கூட்டல் குறி போட்டுப் பாரேன் தம்பி. கணக்குப் படிக்கிறவனுக்கு இது தெரியாமப் போச்சே!" என்று சிரித்தார். அந்தக் கூட்டல் குறியைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் மின்னஞ்சல் முகவரி என்பது என்ன என்று பார்ப்போம். அதில் இரண்டு பகுதிகள் உண்டு. நடுவே '@' என்ற குறி நிற்கிறது. 1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்குச் செய்தி அனுப்பும் முயற்சியில் ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக்காட்ட இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். 'இன்னார், இன்ன இடத்தில்' என்பதே அதன் பொருள். குறிக்கு இடப்புறம் ஆள்; வலப்புறம் இடம்.

இடம், ஆள் என்ற இந்தப் பிரிவினை வெறும் எழுத்து வசதிக்காக ஏற்பட்டதன்று. ஒரு கடிதம் பயணம் செய்யும்போது யார் எதைப் படிக்க வேண்டும், யார் எதைப் படிக்கக் கூடாது என்பதையும் அதுவே வகுக்கிறது. இதை விளக்க நம் பின்கோடைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர், மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். சம்ஸ்கிருதத்தில் கவிதைகளும் நாடகங்களும் எழுதிய அறிஞர் அவர். (ஊர்ப் பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதும், ஒவ்வொரு மொழியில் ஒவ்வொரு விதமாக எழுதப்படுவதும் தபால் பிரிப்போரைத் திணறடித்து வந்த காலம் அது.) அம்பத்தூரின் எண் 600053. ஹௌராவில் ஓர் ஊழியர் இந்த உறையைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்பத்தூர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய தென் மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் 600 என்றால் சென்னை. அவருக்கு அவ்வளவு போதும், பையில் போட்டுவிடுவார். சென்னையில் பிரிப்பவர் கடைசி மூன்றைப் பார்த்து 053 என்றால் அம்பத்தூருக்கும், 054 என்றால் ஆவடிக்கும், 056 என்றால் பூவிருந்தவல்லிக்கும் அனுப்புவார். இன்றும் நம்மில் பலர் 'சென்னை-53' என்றே சுருக்கி எழுதுகிறோம்; அதுவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இவர்களில் எவரும் கதவிலக்கத்தைப் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 'பின் போர்ஷன்' என்ற சொல்லையோ பாட்டி ஒருவரைத் தவிர வேறு யாருமே படிக்கவில்லை.

மின்னஞ்சலும் இப்படியே. நாம் அனுப்பிய செய்தியை எடுத்துச் செல்லும் கணிப்பொறி '@' குறிக்கு வலப்புறம் உள்ளதை மட்டுமே பார்க்கிறது. டி.என்.எஸ். என்ற பெயர் அட்டவணையிடம் "இந்த இடத்திற்கு வரும் கடிதங்களை வாங்கிக்கொள்ளும் கணிப்பொறி எது?" என்று கேட்டு, விடை கிடைத்ததும் அங்கே கொண்டுபோய் ஒப்படைக்கிறது. இடப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அதற்குப் பொருள் சொல்லும் உரிமை வாங்கிக்கொள்ளும் கணிப்பொறிக்கு மட்டுமே உண்டு. மின்னஞ்சல் பரிமாற்றத்தின் விதிகளை 1982-ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் என்பவர் எழுதி வெளியிட்டார். (தபாலுக்கு விதி எழுதியவர் பெயர் போஸ்டல் என்று அமைந்தது தற்செயல்தான்!) அவ்விதிகளை 2008-இல் திருத்தி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 5321 என்ற ஆவணம், இடப்பக்கத்திற்கு இடையில் உள்ளவர்கள் பொருள் கற்பிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. இடப்பக்கம் 64 எழுத்துகள் வரை நீளலாம் என்ற அளவையும் அதில் காணலாம்.

இந்த எளிமை எடுத்த எடுப்பிலேயே எங்கும் வந்துவிடவில்லை. யு.யு.சி.பி. என்ற பழைய முறையில், கடிதம் எந்தெந்தக் கணிப்பொறி வழியாகப் போக வேண்டும் என்பதை அனுப்புகிறவரே வரிசையாக, நடுநடுவே ஆச்சரியக் குறியிட்டு எழுத வேண்டியிருந்தது. கிராமத்து உறவினருக்கு எழுதும்போது ஊர்ப் பெயருக்குப் பின் இன்ன ஊர் '(வழி)' என்று எழுதுகிறோமே, அதைப்போல. வழியில் ஒரு கணிப்பொறி நின்றுபோனால் கடிதமும் நின்றுபோகும். நம் நாட்டில் எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1986-இல் தொடங்கியபோது அதில் பங்கேற்ற நிறுவனங்களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995-இல். அதுவும் ஓர் ஆகஸ்டு 15-ஆம் நாள்தான்.

நிற்க. இடப்பக்கத்திற்குப் பொருள் சொல்லும் உரிமை சேருமிடத்திற்கே உண்டு என்றால், சேருமிடம் தனக்கென்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம் அல்லவா? 'முகவரியில் ஒரு கூட்டல் குறி இருந்தால், அதற்கு முன்னால் உள்ளது ஆளின் பெயர். பின்னால் உள்ளது வெறும் அடைமொழி' என்பதே அந்த வழக்கம். எங்கள் முகவரி முல்லை@ஜிமெயில்.காம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே நம் மலருக்காகத் தமிழில் எழுதுகிறேன்.) முல்லை+கல்லூரி@ஜிமெயில்.காம் என்று ஒருவர் எழுதினாலும், முல்லை+வேலை@ஜிமெயில்.காம் என்று எழுதினாலும் இரண்டும் முல்லையின் பெட்டிக்கே வந்து சேரும். இதற்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நினைத்த மாத்திரத்தில் ஓர் அடைமொழியை உண்டாக்கலாம். கடிதத்தின் தலைப்பில் அந்த அடைமொழி அழியாமல் அப்படியே இருக்கும். அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

இந்த உத்தி தபால் உலகுக்குப் புதியதன்று. வார இதழ்கள் போட்டி அறிவிக்கும்போது 'உறையின் மேல் சிறுகதைப் போட்டி என்று தவறாமல் குறிப்பிடவும்' என்று அச்சிடுவார்கள். ஒரே அலுவலகத்திற்கு வரும் மூட்டை மூட்டையான கடிதங்களில் எது போட்டிக்கு, எது ஆசிரியருக்கு, எது சந்தாவுக்கு என்று உறையைப் பிரிக்காமலே ஒதுக்குவதற்கு அதுவே வழி. 'தி இந்து' நாளிதழின் திருமண விளம்பரங்களில் பெட்டி எண் ஒன்றைக் கொடுத்து, மே/பா. தி இந்து, சென்னை-2 என்று முகவரி அச்சிட்ட வழக்கமும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கடிதம் வருவது ஒரே கட்டடத்திற்கு. பெட்டி எண்ணே அதைப் பெண் வீட்டாரிடமோ பிள்ளை வீட்டாரிடமோ கொண்டு சேர்த்தது. அஞ்சல் வழி வியாபாரம் செய்த மேனாட்டு நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்திலும் தங்கள் முகவரியோடு ஒரு கற்பனையான 'பிரிவு எண்'ணைச் சேர்த்து அச்சிட்டன. அப்படியொரு பிரிவு அங்கே இருக்காது. எந்தப் பத்திரிகையைப் பார்த்து எத்தனை பேர் எழுதினார்கள் என்று எண்ணுவதற்காகச் செய்த தந்திரம் அது!

கூட்டல் குறிக்கு அப்படி என்ன சிறப்பு என்று நானும் கேட்டேன். இடப்பக்கத்தில் அனுமதிக்கப்பட்ட குறிகளுள் அது ஒன்று என்பதைத் தவிரப் பெரிய சிறப்பு எதுவுமில்லை. அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சைரஸ் என்ற அஞ்சல் மென்பொருளில், கூட்டல் குறிக்குப் பின்னுள்ள பெயரிலேயே ஓர் அறை இருந்து, அதற்குரிய அனுமதியும் கொடுக்கப்பட்டிருந்தால், கடிதம் நேராக அந்த அறைக்குள்ளேயே போய் விழும். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயில் என்ற மென்பொருள் கூட்டல் குறிக்குப் பதில் சிறு கோட்டை வைத்துக்கொண்டது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் எந்தக் குறி என்பதை நிர்வாகியே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். 2008-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5233 இந்த அடைமொழி முறையைத் 'துணை முகவரி' என்ற பொருள் தரும் பெயரால் குறிப்பிடுகிறது. குறியைத் தேர்வு செய்யும் உரிமையை மட்டும் அந்தந்த இடத்திற்கே விட்டுவிட்டது. ஜிமெயிலும் அவுட்லுக்கும் கூட்டல் குறியை ஏற்கின்றன. மற்ற நிறுவனங்களில் முகவரி வைத்திருப்போர் நண்பர் ஒருவரை அடைமொழியோடு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லிச் சோதித்துவிடுவது நல்லது. அங்கே அந்த வழக்கம் இல்லையென்றால், 'முல்லை+கல்லூரி என்று இங்கே யாரும் இல்லை' எனக் கடிதம் திரும்பிப் போய்விடும்.

இனி, பிரிக்கும் வேலை. அடைமொழி தானாக எதையும் பிரித்துவிடாது. பாட்டி ஒருவர் வேண்டும்! ஜிமெயிலில் அந்தப் பாட்டிக்கு 'ஃபில்டர்' என்று பெயர், வடிகட்டி எனலாம். இதில் நம் போன்றோருக்கு ஓர் இடையூறு உண்டு. கைப்பேசியில் உள்ள ஜிமெயில் செயலியில் வடிகட்டியை அமைக்க முடியாது. கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்திலோ, கைப்பேசியின் குரோம் உலாவியில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்தோதான் செய்ய வேண்டும். தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். 'டு' என்ற இடத்தில் அடைமொழியோடு கூடிய முழு முகவரியை எழுதி, 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்த வேண்டும். பின்னர் வரும் பட்டியலில் 'அப்ளை த லேபிள்' என்பதில் ஓர் அறையின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. 'நெவர் செண்ட் இட் டு ஸ்பாம்' என்பதையும் முக்கியமான அறைகளுக்குத் தேர்ந்தெடுத்துவிடலாம். ஜிமெயில் இதை அறை என்று சொல்வதில்லை, லேபிள் என்கிறது. அதாவது கடிதத்தின் மேல் ஒட்டிய சீட்டு. ஒரே கடிதத்தில் இரண்டு சீட்டுகளை ஒட்டலாம். ஒரே கடிதத்தை இரண்டு அறைகளில் வைக்க முடியாது. இதுதான் வேறுபாடு.

அதே பட்டியலில் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' என்று ஒன்று உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நான் அங்கே ஒரு முறை சறுக்கினேன். அதைத் தேர்ந்தெடுத்தால் கடிதம் முன்வாசலுக்கு வராமல் நேராக அறைக்குள் போய்விடும். புதிதாகக் கற்ற உற்சாகத்தில் எல்லா அறைகளுக்கும் அதைப் போட்டுவைத்தேன். முன்வாசல் காலியாகப் பளபளவென்று இருந்தது; ஒரு வாரம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் முன்வாசலைத் தொடாமல் போகும் கடிதத்திற்குக் கைப்பேசியில் மணி அடிப்பதில்லை. அந்த அறைக்கென்று தனியாக அறிவிப்பை அமைத்தால்தான் அடிக்கும். பாடியில் ஒரு நிறுவனத்திலிருந்து அக்காவுக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பு 'வேலை' அறைக்குள் சத்தமில்லாமல் மூன்று நாட்கள் கிடந்தது. நல்லவேளையாக, தேர்வுக்கு முந்தைய நாள் அக்காவே தற்செயலாக அறையைத் திறந்து பார்த்துவிட்டாள். அன்று இரவு எனக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே அச்சிட முடியாது. மறுநாளே மாற்றினேன். இப்போது விளம்பரங்கள் வரும் அறைகளுக்கு மட்டுமே முன்வாசல் மறுப்பு. படிப்பு, வேலை, வைப்பு நிதி ஆகியவை முன்வாசலுக்கு வந்து, நெற்றியில் சீட்டு ஒட்டியபடி நிற்கும்.

அடுத்து, கூட்டல் குறியை ஏற்காத படிவங்கள். 'சரியான மின்னஞ்சல் முகவரியை உள்ளிடவும்' என்று சிவப்பு எழுத்தில் நம்மை மிரட்டும் தளங்கள் பல. முகவரி சரியானதுதான், படிவத்தைச் செய்தவருக்கு, முகவரியென்றால் எழுத்து, எண், புள்ளி ஆகிய மூன்றும் மட்டுமே என்ற எண்ணம். இதைவிட ஆபத்தானது, ஏற்றுக்கொண்டு பிறகு கெடுப்பது. இணையப் படிவங்களைக் கணிப்பொறி அனுப்பும் ஒரு முறையில் கூட்டல் குறிக்கு 'இடைவெளி' என்று பொருள். உண்மையான கூட்டல் குறியை வேறு குறியீடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதை மறந்த தளத்தில் முல்லை+கல்லூரி என்பது 'முல்லை கல்லூரி' என்று இரண்டு சொற்களாகி, கடிதமே புறப்படாமல் போகும். இந்தக் காரணத்தால், அரசுத் தேர்வுகளுக்கும் ஆதாருக்கும் வங்கிக்கும் அடைமொழி இல்லாத வெறும் முகவரியையே கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கே நம் விண்ணப்பத்தைப் பெரும்பாலும் இ-சேவை மையத்தில் இன்னொருவர் தட்டச்சு செய்கிறார். நாம் வாயால் சொல்லும் 'பிளஸ்' அவர் கையில் என்னவாகும் என்று யார் கண்டது? அவ்விடங்களிலிருந்து வரும் கடிதங்களை அனுப்புநர் முகவரியை வைத்தே வடிகட்டலாம். அதுவும் அதே படிவத்தில் 'ஃப்ரம்' என்ற இடத்தில் எழுதக்கூடியதே.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு தளத்தில் எந்த அடைமொழியோடு பதிவு செய்தோமோ, அதே அடைமொழியோடுதான் அங்கே மீண்டும் நுழைய முடியும். 'வேலை' என்று கொடுத்தோமா, 'பணி' என்று கொடுத்தோமா என்று மறந்துவிட்டால் திண்டாட்டம். என்னிடம் இதற்கென ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது.

கணித மாணவன் என்ற முறையில் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிமெயில் இடப்பக்கத்தில் உள்ள புள்ளிகளைக் கண்டுகொள்வதில்லை. ராம்குமார் என்பதை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துகளாக எழுதினால் எழுத்துகளுக்கிடையே ஏழு இடைவெளிகள். ஒவ்வோர் இடைவெளியிலும் புள்ளி வைக்கலாம் அல்லது விடலாம். ஆக, 2-இன் அடுக்கு 7, அதாவது 128 விதமாக எழுதலாம். அத்தனையும் ஒரே பெட்டி. ஜிமெயில் அனுமதிக்கும் பெரும அளவான 30 எழுத்துகளுக்கு இந்த எண்ணிக்கை 53,68,70,912 ஆகிறது! பழைய எண்ணைப் போட்டாலும் புதிய எண்ணைப் போட்டாலும் எங்கள் இரும்புக் கதவுக்கே கடிதம் வருவது போலத்தான். புள்ளி வைத்த முகவரியை வேறொருவர் தனக்கென்று பதிவு செய்துகொள்ளவும் முடியாது. ஆனால் இது ஜிமெயிலின் வழக்கம் மட்டுமே. வேறு நிறுவனங்களில் புள்ளி வைத்தவர் ஒருவர், வைக்காதவர் வேறொருவர் என்று இருக்கக்கூடும். ஆகவே பிறர் முகவரியை எழுதும்போது புள்ளியை விழுங்கிவிடாதீர்கள். பிரிக்கும் வேலைக்கு நான் நம்புவது கூட்டல் குறியை மட்டுமே.

அடைமொழியால் எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. தீபாவளிக்குத் துணி எடுத்த ஒரு கடையில், பில் போடுகிறவர் மின்னஞ்சல் கேட்டார். '+துணிக்கடை' என்று சேர்த்துக் கொடுத்தேன். பொங்கலுக்குள் அதே அடைமொழியோடு வீட்டுமனைக்காரர் ஒருவரும், கடன் கொடுப்பவர் இருவரும் எனக்குக் கடிதம் எழுதினார்கள். நான் அந்த முகவரியை உலகத்தில் வேறு எவருக்கும் கொடுத்ததில்லை! யார் வழியாகப் போயிருக்கும் என்பது விளங்கியது. அந்த அடைமொழிக்கு வருவன அனைத்தும் குப்பைக்கே என்று ஒரு வடிகட்டி போட்டேன், சத்தம் ஓய்ந்தது. கெட்டிக்காரர்கள் கூட்டல் குறியையும் அடைமொழியையும் வெட்டிவிட்டு வெறும் முகவரிக்கு எழுதிவிடுவார்கள் என்பதும் உண்மையே. அதற்கு இம்முறையில் மருந்தில்லை. நாம் பதில் எழுதினாலும், வேறு விதமாக அமைத்துக்கொள்ளாதவரை, வெறும் முகவரியிலிருந்தே அது போகும். ஆகவே இது ஒளிந்துகொள்வதற்கான திரையன்று. கடிதத்தைப் பிரிப்பதற்கான சீட்டு மட்டுமே.

விடுதி நண்பர்கள் சிலர் இதைக் கேட்டதும், "அப்போ ஒரே ஆள் பத்து தடவை இலவசமா சேரலாமேடா!" என்றார்கள். சேரலாம், சில தளங்கள் ஏமாறவும் கூடும். ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டு ரேஷன் அட்டை வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை. உதவித் தொகை, வேலைவாய்ப்புப் பதிவு போன்றவற்றில் ஒருவர் ஒருமுறைதான் பதிய வேண்டும் என்ற விதி இருக்கும்போது, அடைமொழியை மாற்றி இரண்டாம் முறை பதிந்தவரின் இரு விண்ணப்பங்களும் தள்ளப்பட்டால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

எங்கள் பெட்டியில் இப்போது ஐந்து அறைகள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவின் குழுவுக்கு ஒன்று, அக்காவின் வேலைக்கு ஒன்று, என் படிப்புக்கு ஒன்று, மற்ற கடைகளுக்கெல்லாம் பொதுவாக ஒன்று. பழைய கடிதங்கள் நாலாயிரத்துக்கு மேல் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அவற்றை அனுப்புநர் பெயரை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வருகிறேன். எஸ்டேட்டில் லேத்து ஓட்டும் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியை நீட்டி, "என் ரூமைத் திற, பி.எஃப். வந்திருக்கா பார்ப்போம்" என்கிறார். கிணற்றடி வீட்டு அக்காவின் மகன் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறான். அவனுக்குத் தனி முகவரி ஒன்றை, பிரவுசிங் சென்டருக்குப் போகாமல் நாங்களே உருவாக்கினோம். கடவுச்சொல் அவனுக்கு மட்டும் தெரியும்.

அதே அறக்கட்டளைக்கு இவ்வாண்டும் விண்ணப்பித்திருக்கிறேன். அவர்களுடைய படிவம் கூட்டல் குறியை ஏற்றுக்கொண்டது. இதை எழுதும் நாள் வரை அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு கடிதம்: 'தங்கள் விண்ணப்பம் கிடைத்தது.' முதல் பட்டதாரிச் சான்றிதழின் நகலைத் தயாராக எடுத்து வைத்திருக்கிறேன்.